தோள் பச்சையான கிழங்குகள்

1

காலை ஏழு இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கிழங்கின் தோள், அதன் மேல்முனை. மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. பச்சை நிறம். இலையின் பச்சை அல்ல. செப்புப் பாத்திரத்தில் களிம்பு பிடித்தால் வருமே, அந்தப் பச்சை.

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் என் தங்கை சித்ராவின் காடு அது. ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கு. பொங்கல் நோம்பி முடிந்த வாரம். நான் நெதர்லாந்திலிருந்து வந்து இறங்கி இரண்டாம் நாள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. மேட்டுப்பாத்திகளில் செடிகள் முழங்கால் உயரம் நின்றன. சில செடிகளின் தண்டில் மட்டும் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணி கட்டியிருந்தது. துணி கட்டிய செடிகளின் கீழேதான் மண் சரிந்து கிழங்குகள் வெளியே தெரிந்தன. மார்கழி மழை அந்த இடங்களை இன்னும் கரைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தோள் பச்சை.

சித்ரா வரப்பில் நின்றிருந்தாள். முப்பத்திரண்டு வயது. ஏழு மாத வயிறு. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை.

"இந்தச் செடியில எடுத்த கிழங்கையெல்லாம் என்ன பண்ணினே?" என்றேன்.

"என்ன பண்ணுவாங்க? ஆக்கித் தின்னேன்."

"பச்சையா இருந்ததையுமா?"

"அதுதாண்ணா புதுசு. நீ அங்க பெட்டியில போட்டு வெச்சு மாசக்கணக்கா திங்கறவன். புதுக் கிழங்கைக் கண்டா உனக்குப் பயமா இருக்குது."

சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் வரப்பில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி, அது போதாமல் பக்கத்துச் செடியின்மேல் வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

2

வெளிநாட்டில் என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்குக் கிழங்கு ஆபீஸ் என்று சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிவப்புத் துணி எப்படி வந்தது என்பது விளங்காது.

சேலத்தில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். என் மனைவிக்கு நெதர்லாந்தின் வடக்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பின்னாலேயே நானும் போனேன். பதினொரு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு விதைக்கிழங்குக் கூட்டுறவுக் கிடங்கில், ஓடும் பெல்ட்டின் முன் நின்று அழுகல் பொறுக்கினேன். பிறகு விவசாயிகளுக்கு வாராவாரம் அனுப்பும் அறிக்கையை எழுத ஆள் தேடினார்கள். எனக்கு டச்சு மொழியில் நீளமான வாக்கியம் எழுத வராது. விவசாயிகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அந்த அறிக்கைக்கு ஆதாரம் ஒரு கணினிக் கணக்கு. மாடல் என்போம். செடி எந்த நாளில் மண்ணைத் துளைத்து வெளியே வந்தது, ஒரு செடிக்கு எத்தனை தண்டு, அன்றன்றைய வெயில், குளிர், மழை எவ்வளவு என்று அதற்குக் கொடுத்தால், இலைகள் எவ்வளவு மண்ணை மூடியிருக்கும், இலை பிடித்த வெயிலில் எவ்வளவு கிழங்குக்கு இறங்கியிருக்கும் என்று அது சொல்லும். மொத்த எடை மட்டும் சொன்னால் போதாது. எந்த அளவில் எத்தனை கிழங்கு என்று சொல்ல வேண்டும். விதைக்கு வைத்த கிழங்கு பெருத்துவிட்டால் விதையாகப் போகாது. எந்த வாரத்தில் இலையை அழித்து வளர்ச்சியை நிறுத்துவது என்பதுதான் விவசாயியின் கேள்வி. ஒரு வாரம் முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம்.

மாடல் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, கோடையில் வாரம் ஒரு முறை சில செடிகளைப் பிடுங்குவோம். கிழங்குகளைக் கழுவி, சதுர ஓட்டை போட்ட தகடுகளில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்போம். பிடுங்கிய செடி அதோடு போயிற்று. அடுத்த வாரம் வேறு செடி. ஒரே கிழங்கை இரண்டாம் முறை அளந்தவர் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை.

போன ஐப்பசியில் சித்ராவின் கணவர் செல்வராசு, மிளகும் மரவள்ளியும் மட்டும் வைத்திருந்தவர், ஒரு ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டார். என் பேச்சைக் கேட்டுத்தான். நெதர்லாந்தில் கோடைப் பகல் மிக நீளம். மலையில் அப்படி இல்லை. குறுகிய பகலில் எங்கள் மாடல் எவ்வளவு தப்பும் என்று தெரிந்துகொள்ள என் மேலாளருக்கும் ஆசை. இடுக்கி போலிருக்கும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைத் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பினேன். வாரத்துக்கு நான்கு செடியைப் பிடுங்கி, கிழங்கின் அகலத்தை அளந்து சொல் என்று சித்ராவிடம் கேட்டுக்கொண்டேன்.

"பூவோட நிக்கற செடியைப் பிடுங்கச் சொல்றான். படிச்ச கிறுக்கு" என்று அவள் செல்வராசிடம் சொன்னது போனில் எனக்கே கேட்டது.

அவள் பிடுங்கவில்லை. எங்கள் பக்கம் மரவள்ளியில் செய்வதையே செய்தாள். நிற்கிற செடியின் ஒரு பக்கம் மண்ணைக் கையால் விலக்கி, விரலால் தடவி, கிழங்கு இருக்கிற இடத்திலேயே அளந்தாள். அந்தச் செடி மறந்துபோகாமலிருக்க துணி கட்டினாள். அடுத்த சனிக்கிழமை அதே செடி, அதே கிழங்கு. மண்ணைத் திறந்துவிட்டு வெறுங்கையோடு மூடும் பழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. ஆகவே அளந்ததை விட்டுவிட்டு, செடிக்கு ஒன்றாகப் பக்கத்துக் கிழங்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனாள். மண்ணை அரைகுறையாகத் தள்ளி மூடினாள். அடுத்த வாரம் மறுபடி திறக்கத்தானே போகிறோம் என்ற எண்ணம். மரவள்ளிக்கு அது போதும். வெளிச்சம் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

அவள் சொன்ன அளவுகளைக் கோடாகப் போட்டால் வளைவு வழுவழுவென்று ஏறியது. என் மேலாளர் அதை அச்செடுத்துக் காபி அறைச் சுவரில் ஒட்டினார். ஒரு கிழங்கு வாராவாரம் எப்படிப் பருக்கிறது என்று அங்கே எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

3

நான் கேள்வி கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை. விபத்து நடந்த இடத்தில் நிருபர் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டே?"

"சனிக்கிழமை. மிச்சம் இருந்துச்சு, ஞாயித்துக்கிழமையும்."

"வாந்தி எப்ப ஆரம்பிச்சுது?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. இது என்ன, போலீஸ் ஸ்டேசனா?"

அன்று செவ்வாய்க்கிழமை. நான் திங்களன்று வந்தபோது அவள் சோர்வாக இருந்ததைப் பார்த்தேன். ஏழு மாத வயிற்றுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளையும் சாப்பிட்டாரா?"

"அவருக்குக் கசப்பு ஆகாது. வாயில வெச்சுட்டு, ரசத்தை ஊத்திக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. எனக்குத்தான் இப்ப கசப்பு, புளிப்பு எல்லாம் இழுக்குது."

"கசந்துச்சா?"

"கசக்காம? அதுக்குத்தான் ரெண்டு தண்ணி வடிச்சுக் கொட்டினேன். எனக்குத் தெரியாதா அண்ணா?"

அதில் அவள் தவறு எதுவும் இல்லை, மரவள்ளியாக இருந்திருந்தால். கசப்பு மரவள்ளியை மலையில் யாரும் தூக்கி எறிவதில்லை. வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து வடிப்பார்கள். கசப்பும் விஷமும் தண்ணீரோடு போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பச்சை உருளைக்கிழங்கில் ஏறும் நஞ்சு அப்படிப் போகாது. எத்தனை தண்ணீர் வடித்தாலும் பெரும்பாகம் கிழங்கிலேயே நிற்கும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வராசு தூக்குப்போசியில் காப்பியோடு வந்தார்.

"ஏனுங்க மச்சான், பனியில நிக்கறீங்க? வெளிநாட்டு ஒடம்பு, ஒட்டிக்கப் போகுது."

நான் அவரைப் பார்க்காமல் சித்ராவிடமே கேட்டேன். "பிள்ளை அசையுதா?"

அவள் பக்கத்துச் செடியில் கட்டியிருந்த துணியின் முடிச்சை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"நேத்து மத்தியானம் வரைக்கும் ஒதைச்சுது."

"அப்பறம்?"

"தூங்குதுன்னு நெனச்சேன்."

செல்வராசு தூக்குப்போசியை வரப்பில் வைத்தார். "எங்கிட்டச் சொல்லலையே சித்ரா."

"சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்க. போன தடவை மாதிரி." பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் எதுக்கு இப்படி நிக்கறீங்க? எனக்குப் பயம் காட்டாதீங்க."

4

செம்மேட்டில் உள்ள சுகாதார நிலையத்துக்குத் தெரிந்தவருடைய ஜீப்பில் போனோம். நர்ஸ் நடுத்தர வயதுக்காரர். சித்ராவை அவருக்கு முன்பே தெரியும். போன இரண்டு முறையும் அவரிடம்தான் போயிருக்கிறாள்.

"என்ன கண்ணு சாப்பிட்டே?"

"உருளைக்கெழங்குங்க."

"உருளைக்கெழங்கா? ஊரே திங்குது."

காட்டிலிருந்து சட்டைப்பையில் போட்டு வந்த பச்சைக் கிழங்கை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தார். தோலுக்கு அடியிலும் பச்சை ஓடியிருந்தது. அதை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, சித்ராவின் வயிற்றில் சின்னக் கருவியை வைத்து அழுத்தினார். இரைச்சல் கேட்டது. இடத்தை மாற்றினார். இரைச்சல். மறுபடி மாற்றினார். செல்வராசு சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன.

தூரத்தில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, போய், மறுபடி வந்தது.

"இருக்குதுங்க" என்றார் நர்ஸ். கருவியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆனா எனக்குத் திருப்தியா இல்லீங்க. இவளுக்கும் ஒடம்புல தண்ணியே இல்ல. கீழ போயி ஸ்கேன் பாத்துருங்க. நிக்க வேண்டாம், இப்பவே போங்க" என்றார்.

மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இங்கே வரும் சுற்றுலாக்காரர்கள் அந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வார்கள். சித்ரா என் தோளில் தலையைச் சாய்த்து, ஒரு பாலித்தீன் பையைக் கையில் பிடித்திருந்தாள். வளைவு வந்தால் செல்வராசு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்பார். நேர்ச்சாலை வந்தவுடன், "வெசயா போங்க" என்பார். நாலைந்து வளைவு பொறுத்துப் பார்த்த டிரைவர், "மாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, இல்லீன்னா நீங்க ஓட்டுங்க" என்றார். சித்ரா கண்ணைத் திறக்காமலே, "அவர் ஓட்டுனா நேரா குழிக்குத்தான்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். உள்ளங்கை வறண்டு சில்லென்று இருந்தது. வெளிநாட்டில் இருக்கும்போது ஊரிலிருந்து வரும் போனுக்குப் பயப்படுவது எங்களைப் போன்றவர்களுக்குப் பழக்கம்தான். கூப்பிடாத நேரத்தில் மணி அடித்தால் எடுப்பதற்கு முன்பே மனது ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்கும். இங்கே, பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது வேறு மாதிரி இருந்தது. பார்க்கிற எல்லாமே அதைப் பற்றியதாக ஆகிவிட்டது. அவள் பேசினால் ஏன் பேசுகிறாள் என்றும், பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்றும் தோன்றியது.

5

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் ஒரு பெண் இருந்தார்.

"நீங்க யாருங்க?"

"அண்ணன்."

"உங்க ஆதார் குடுங்க."

"என்கிட்ட இல்லைங்க. வெளிநாட்டுக் குடியுரிமை."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். செருப்பில் காட்டு மண் ஒட்டியிருந்தது. "கொல்லிமலைங்கறீங்க, வெளிநாடுங்கறீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

செல்வராசு தன் அட்டையை நீட்டினார். என்ன தொந்தரவு என்ற இடத்தில் 'வாந்தி' என்று எழுதினார்கள். பச்சை உருளைக்கிழங்கு என்றும் எழுதச் சொன்னேன். அதை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பெண். சரியான பதில்தான். பதினொரு வருடமாக ஒவ்வொரு அரசாங்க ஜன்னலிலும் எதையாவது கூடுதலாக எழுதச் சொல்லி நின்றவன் நான். பதில் எந்த மொழியில் வந்தாலும் புரிந்துவிடுகிறது.

சித்ராவை உள்ளே கொண்டுபோன பிறகு மனைவிக்கு போன் செய்தேன். அங்கே அப்போதுதான் காலை. பதின்மூன்று வயது மகள் யாழினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளை ஊருக்கு அழைத்துவர ஆசைப்பட்டேன். பள்ளி நாட்களில் பிள்ளையை வெளியே கூட்டிப்போக அங்கே அனுமதி வேண்டும். பொங்கலுக்காகக் கேட்டது கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கிடைக்காததில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் டச்சில் வரும்.

மனைவியிடம் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு யாழினி போனை வாங்கினாள். பச்சை உருளைக்கிழங்கைச் சாப்பிடக் கூடாது என்று அத்தைக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று டச்சில் கேட்டாள். அது எல்லோருக்கும் தெரியுமே என்றாள். சமையல் கற்றுக்கொடுத்த ஆசிரியை அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

"நீங்கள் அளவு கேட்டீர்களே, அப்போது சொல்லவில்லையா?"

எங்கள் அறிக்கைகளில் அது ஒரு முறைகூட வந்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை அறிக்கையில் எழுதுவதில்லை. மாடலிலும் அதற்கு இடமில்லை. அங்கே இயந்திரம் போட்டு மண்ணை உயரமாக அணைத்துவிடுவார்கள். கிழங்கு வெளிச்சத்தைப் பார்ப்பதே தோண்டுகிற நாளில்தான். மாடலைப் பொறுத்தவரை கிழங்குகள் எல்லாம் இருட்டில் இருக்கின்றன.

இதை யாழினியிடம் விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"அப்பா, பாப்பா செத்துப்போயிடுமா?" என்றாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் முழுதாகத் தமிழில் கேட்ட வாக்கியம் அது.

6

டாக்டர் இளம் பெண். பச்சைக் கிழங்கை மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"படிச்சிருக்கேன். நேர்ல பார்த்ததில்லைங்க" என்றார்.

"பிள்ளைக்கு என்ன ஆகுங்க?" என்றார் செல்வராசு.

"மூணு நாள் வாந்தியில அம்மாவுக்கு நீர்ச்சத்து போயிருக்கு. அதனாலயும் பிள்ளை அசையாம இருக்கலாம். இந்தக் கிழங்குதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. முதல்ல தண்ணி ஏத்துவோம்."

ஸ்கேன் அறைக்குள் செல்வராசை மட்டும் விட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. "தலையை அளந்தாங்க மச்சான். திரையில ரெண்டு முள்ளு மாதிரி குறி வெச்சு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். அப்பறம் வயித்தை அளந்தாங்க. தொடை எலும்பை அளந்தாங்க." கையை விரித்துக் காட்டினார். "என்னமோ நம்பரு சொன்னாங்க. சின்னதுங்கறாங்க."

டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நடுவே ஒரு வளைகோடு. அந்தந்த வாரத்தில் பிள்ளை இருக்க வேண்டிய எடை. அதற்கு மேலும் கீழும் மெல்லிய கோடுகள். சித்ராவின் பிள்ளை கீழ்க்கோட்டைத் தொட்டாற்போல ஒரு புள்ளி.

"முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்குதா?"

மூன்றாம் மாதத்தில் எடுத்தது மட்டும்தான் இருந்தது. அதில் இதைச் சொல்லும் அளவு எதுவும் இல்லை.

ஒரே ஒரு புள்ளியை வைத்து வளைவு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தருவார்கள். நானே பலருக்குச் சொல்லித்தந்திருக்கிறேன். அப்போதும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறுகிற புள்ளியா, நின்றுவிட்ட புள்ளியா என்று அதன் முகத்தில் எதையோ தேடினேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம். அப்பதான் தெரியும்" என்றார் டாக்டர்.

வெயில் சாயும் நேரம். மூன்றாவது பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சித்ரா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். திடீரென்று பக்கத்தில் ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் வலப்பக்கம் வைத்தாள். நர்ஸ் பயந்துபோய், "ஏம்மா, ஊசி!" என்றார்.  ஆனால் கையை எடுக்கவில்லை.

"இருக்குதுங்களா?" என்றாள் சித்ரா.

"நல்லாவே இருக்குது. எனக்கே விழுந்துச்சு ஒரு ஒதை."

செல்வராசு வெளியே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது ஒரு தட்டு நிறைய டீ டம்ளர்கள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும், அவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கும், வாசலில் நின்ற காவலாளிக்கும் கொடுத்தார். எனக்கு ஒன்று மிஞ்சவில்லை.

7

அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். அடுத்த நாள் நானும் செல்வராசும் மட்டும் மலை ஏறினோம். துணி கட்டிய செடிகள் அனைத்தையும் பிடுங்கினோம். செல்வராசு தயங்கவில்லை, பூ இருந்தவற்றையும் பிடுங்கினார். பச்சைக் கிழங்குகளை மாடு தின்றுவிடக் கூடாது என்று குழி வெட்டி ஆழத்தில் போட்டு மூடினோம். பிறகு துணி கட்டாத செடிகளில் சிலவற்றைத் தோண்டிப் பார்த்தேன். தோள் வெள்ளையாக, தோல் மெலிசாக, நல்ல கிழங்குகள். ஆனால் சித்ரா அளந்து சொன்ன அளவுக்கு ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அவள் வாராவாரம் ஒரு செடியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துவிட்டாள். ஏழெட்டுக் கிழங்குக்குப் போக வேண்டிய சாப்பாடு மிச்சமிருந்த மூன்று நான்கு கிழங்குக்குப் போயிற்று. அவை பெருத்தன. காபி அறைச் சுவரில் ஏறிய அந்த அழகான வளைவு எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு செடியினுடையது. மேலாளருக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அளவுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாகவும், தங்கை எப்படி இருக்கிறாள் என்றும் பதில் வந்தது.

"இதைத் தோண்டி வித்துரலாங்களா மச்சான்?" என்றார் செல்வராசு, மிச்சக் காட்டைக் காட்டி.

"விக்கலாம். வெளிச்சம் படாம மூடி வெக்கணும்."

"தின்னவும் செய்யலாமா?"

"பச்சை இல்லாததைத் தின்னலாம்."

அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். மண்ணைத் துடைத்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"வித்துரலாங்க" என்றார்.

8

இதை நான் எழுதுவது மே மாதக் கடைசியில், திரும்பவும் நெதர்லாந்தில். மனைவியும் மகளும் கிளம்பிப் போன பிறகு, அலுவலகம் போவதற்கு முன். விதைத்த கிழங்குகள் எல்லாக் காடுகளிலும் முளைத்துவிட்டன. முளைத்த தேதிகளை மாடலுக்குக் கொடுத்துவிட்டோம். மண் அணைக்கும் இயந்திரங்கள் வரிசை வரிசையாகப் போகின்றன. போன வாரம் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: மண் சரிந்த இடங்களில் கிழங்கு வெளியே தெரிந்தால் மூடவும். ஒரு விவசாயி போன் செய்து, இதையெல்லாம் எங்கள் தாத்தாவுக்கே சொல்லித்தர வேண்டியதில்லை என்று சிரித்தார். மேலாளர் அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து நான் விமானம் ஏறியபோது அடுத்த ஸ்கேனுக்கு நாள் வந்திருக்கவில்லை. அந்த நாள் வந்தபோது நான் கிடங்கில் இருந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். செல்வராசு கூப்பிட்டார்.

"ஏறியிருக்குதாம் மச்சான். கோட்டுக்குக் கீழதானாம், ஆனா ஏறியிருக்குதாம்."

எவ்வளவு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். புள்ளி இரண்டானது. கோடு போட்டுப் பார்த்தேன். வேறு வேலை எதுவும் அன்று செய்யவில்லை. அதன் பிறகு தினமும் அவள் பேசுவாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். "சோறு, ரசம். எழுதிக்கோ" என்பாள். ஒரு நாள் அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மலையில் மின்சாரம் இல்லாமல் போன் அணைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அது தெரிவதற்குள் யாழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் அப்படியே இருந்தாள்.

பங்குனியில் பிறந்தது. பெண். இரண்டு கிலோ முந்நூறு கிராம். பிறந்தவுடன் அழவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அழுதது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் குடிக்கிறாள். இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இன்னும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், "எடை இன்னும் கொஞ்சம் ஏறட்டும்ணா" என்கிறாள் சித்ரா.